பத்திஸ்த் பொம்மையாக வேண்டும்

“என் மூஞ்சியில கேலி பண்ண ஒண்ணுமே இல்லையா, ரெமெய்?” என்று கண்ணாடி முன் நின்றபடி மனைவியைக் கேட்டார் பத்திஸ்த்.

“நல்ல மூஞ்சிதான். காப்பி ஆறுது, வாங்க.”

அவர் ஆதங்கம் அவருக்கு. மார்ச் வந்தால் வலென்சியாவில் தெருவுக்குத் தெரு மாடி உயரத்துக்குப் பொம்மைகள் எழும்பும். அந்த வருஷம் கூத்தடித்தவர்கள் எல்லாரும் கேலிப் பொம்மைகளாக அதில் இருப்பார்கள். சூசையப்பர் திருநாள் ராத்திரி அத்தனையும் எரியும். மேயர் எரிவார், எடையில் ஏமாற்றிய மீன்காரி எரிவாள். மறுநாள் அந்த மீன்காரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடை திறப்பாள். ஆணியும் பூட்டும் விற்கும் பத்திஸ்தை மட்டும் இதுவரை ஒருவரும் சீண்டியதில்லை. தெருவில் தான் இருப்பதே யாருக்கும் தெரியவில்லையோ என்று மனுஷனுக்குள் ஒரு பயம்.

பட்டறையில் பொம்மை வேலை முடிவதற்குள் எப்படியாவது கெட்ட பெயர் வாங்கிவிடுவது என்று கிளம்பினார்.

முதலில், வெடி போட்ட பிள்ளைகளைக் கண்டபடி திட்டினார். சாயங்காலமே அதில் ஒரு பிள்ளையின் தாய் சூப்போடு வந்து நின்றாள்.

“உடம்பு சரியில்லையாமே? சூடா குடிங்கண்ணே.”

அடுத்து, விழாக் குழுவின் வாசலை மறித்து வேனை நிறுத்தினார். பாவம், வண்டி கிளம்பவில்லை போலிருக்கிறது என்று நாலு பேர் சேர்ந்து பேட்டரி மாற்றி, கழுவியும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாகத் தெருச் சமையல் அன்று துணிந்துவிட்டார். எங்கள் ஊர்ச் சட்டிச்சோறான பயேயாவில், சேர்க்கவே கூடாத வெங்காயத்தைப் போட்டார். எங்கள் ஊரில் அதற்காகச் சம்பந்தமே முறிந்திருக்கிறது. தெருவே வந்து சட்டியை எட்டிப் பார்த்தது. பத்திஸ்துக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

குழுத் தலைவி அமாலியா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. அண்ணனுக்கு மனசுல என்ன கஷ்டமோ. சாப்பிடுங்க.”

சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

“ஏங்க இப்படிப் பண்றீங்க?” என்றாள் ரெமெய், வீட்டுக்கு வந்ததும்.

“நானும் ஒரு தடவையாவது எரியணும்டி.”

“வாயக் கழுவுங்க” என்று அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பொம்மைகளை நிறுத்தும் நாள் வந்தது. பத்திஸ்த் தங்கள் தெருவின் பொம்மைக் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மீன்காரி இருந்தாள். அமாலியாகூட இருந்தாள். ஆள் உயர வெங்காயம் ஒன்று சோற்றுச் சட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சமைத்தவன் நிற்க வேண்டிய இடம் காலி.

அவர் இன்னொரு சுற்று வந்து தேடினார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த கிரேன் ஓட்டுநரிடம் போனார்.

“வெங்காயத்துக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லையா, தம்பி? என்னைப் பாத்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணலையா?”

“என்ன பெரியவரே, வருஷா வருஷம் உங்களச் செய்றாங்க. வருஷா வருஷம் உங்க வீட்டம்மா வந்து, ‘அவரு எரியறத என்னால பாக்க முடியாது’ன்னு அழுது நிறுத்திடறாங்க. பட்டறை மச்சுல கால் வைக்க இடமில்ல, பூரா நீங்கதான் உக்காந்திருக்கீங்க.”