பெருக்கல் மாமாவுக்கு ஒரு வகுத்தல் கணக்கு

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, காலை 6.40. உங்களிடமிருந்து இதுவரை வந்த குரல் செய்திகள் பதினொன்று. அதில் "பெருக்கிப் பார்த்தேன்டா" என்று வருவது ஒன்பது.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் உங்கள் கால்குலேட்டரும் நலமா? மூன்றாவது ஆசாமி படுத்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

என்னைப் போல் லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. மேலே, இல்லையென்றால் கீழே. இங்கே வந்த முதல் வாரம் போனில், "அந்த ஊர்க் காசு என்ன ரேட்டுடா?" என்றீர்கள். "நாலு மாமா" என்றேன். நம் காசு ஒன்று கொடுத்தால் இங்கே நாலு தருவார்கள் என்று விளக்குவதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். என் சம்பளம் இந்த ஊர்க் காசில் மூன்று லட்சத்து இருபதாயிரம். நாலால் வகுத்தால் எண்பதாயிரம். நீங்கள் பெருக்கி, பன்னிரண்டு லட்சத்து எண்பதாயிரம் ஆக்கி, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டீர்கள். மின்கட்டண ஆபீசில் இருபத்தெட்டு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர் நீங்கள். எத்தனை வீட்டு பில்லுக்கு இந்த மரியாதை நடந்ததோ!

செலவையும் விட்டீர்களா? டீ அறுபது என்றேன். "இருநூத்தி நாப்பதா! குடிக்காதேடா" என்றீர்கள். முடிவெட்ட அறுநூறு என்றேன். ரெண்டாயிரத்து நானூறு என்று நீங்கள் அம்மாவிடம் போய்ச் சொல்ல, அம்மா என்னிடம் சத்தியமே வாங்கிவிட்டாள். நாலு மாதமாக வெட்டவில்லை. ஹெல்மெட்டுக்குள் தலை போகமாட்டேன் என்கிறது. என்னைப் பார்த்தால் லிஃப்டில் வந்தவர்கள் இறங்கிப் படியில் போகிறார்கள்.

இதெல்லாம் போகட்டும். எனக்குப் பேசி முடித்திருக்கும் பெண்ணின் அப்பாவிடமும் அதே கணக்கைச் சொன்னீர்களே, அதுதான் வினை. அவர் மகளிடம், "பன்னெண்டே முக்கால் லட்சம் வாங்குற மாப்பிள்ளை இருக்கும்போது நீ ஏம்மா ஷிப்டு பார்த்து கண்ணைக் கெடுத்துக்கணும்?" என்றாராம். மருந்து ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடம் மாடாய் உழைத்து, போன மாதம்தான் அவளுக்குப் பதவி உயர்வு. வருகிற திங்கட்கிழமை ராஜினாமாவாம். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று செவ்வாய்க்கிழமை உங்களைக் கெஞ்சினேன். என்ன சொன்னீர்கள்?

"வெளிநாட்டுக் காசுன்னா பெருக்குறதுதானடா வழக்கம்? வகுக்கறதுக்கு எதுக்குடா அவ்வளவு தூரம் போகணும்? இப்பப் போய் குறைச்சா என் மரியாதை என்ன ஆகுறது? நீ வேணா சம்பளத்தை ஏத்தச் சொல்லிக் கேளேன்!"

பதினாறு மடங்கு மாமா. கேட்கிறேன். நான் லிஃப்டுக்குள் இருக்கும்போதே மேனேஜர் கயிற்றை அறுத்துவிடுவார்.

நாளைக் காலை அவர்கள் வீட்டுக்குப் போங்கள். கால்குலேட்டரை எடுங்கள். ஒரு கோடு, அதற்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி இருக்கும் பொத்தான். உங்களுடையதில் அது புத்தம்புதிதாகவே இருக்கும். அவர் கண் முன்னால் அதை அமுக்குங்கள். என்னால் ஒரு பெண்ணின் வேலை போனது என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

அத்தைக்கு வணக்கம். உங்களுக்கும் என் அன்பு, நாலால் வகுத்து.

இப்படிக்கு,
பெருக்கப்பட்ட மருமகன்

பி.கு.: மணி 7.25. அவளிடமிருந்து இப்போதுதான் செய்தி வந்தது. "ரேட்டு நாலுன்னு நெட்ல பார்த்தேன். உங்க மாமா வகுக்காம பெருக்கிட்டார்னு புரிஞ்சுது, அவர் சொன்ன தொகையை நாலால ரெண்டு தடவை வகுத்தேன். எண்பதாயிரம், சரியா? எனக்கு எண்பத்தஞ்சு. ராஜினாமாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க முதல்ல முடிய வெட்டுங்க." ஆகவே மேலே எழுதியது எதுவும் தேவையில்லை. இனி நான் செய்யப்போவது:

1. இன்றே முடிவெட்டுவேன். அறுநூறுதான், அம்மாவிடம் நூற்றைம்பது என்று சொல்வேன்.
2. இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல், போனில் படமெடுத்து இன்றே அனுப்புவேன். இவ்வளவு திட்டியதை வீணாக்க மனசில்லை.
3. இங்கே யாராவது "உங்க வீட்டுக்காரம்மாவுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டால், எண்பத்தைந்தாயிரத்தை நாலால் பெருக்கி, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்பேன். அந்த இடத்தில் மட்டும் பெருக்கல்தான் சரி மாமா.