சப்பரப் படத்தின் உரிமையாளர்

பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியவர்கள் யாராகவும் இருக்கட்டும். அதைக் கட்டிக்காத்தவர் வலியசாலை சேஷன் ஒருவரே. 2006இல் தெருச் சங்கத்துக்கு வெப்சைட் தொடங்கியபோது, அனுமதிக் கடிதம் இல்லாத எந்தப் படமும் அதில் ஏறக்கூடாது என்று தீர்மானம் போட்டார். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீஸில் ஃபைல் பார்த்த கை அல்லவா! முகப்புக்கு ஒரு தாமரைப் படம் தேவைப்பட்டது. எடுத்தவர் ஜெர்மனிக்காரர். அவருக்கு நாலு ஈமெயில் எழுதி, பதில் வரும்வரை ஏழு வாரம் பக்கத்தைக் காலியாகவே வைத்திருந்தார். தெருவே நெகிழ்ந்துபோயிற்று.

கோயில் உத்சவம் முடிந்ததும் ஷீனாவை வரச்சொன்னார்கள். பாறசாலைக்காரி, ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. கொட்டும் மழையில் சப்பரம் தெரு திரும்புவதை அவள் எடுத்த படத்தின்மேல் சங்கத்துக்கு ஆசை. கீழே தன் பெயர் வந்தால் போதும் என்றாள் அவள். கொச்சிப் பத்திரிகை ஒன்றில் போட்டோகிராபர் வேலை காலி. பெயரோடு வெளிவந்த படம் ஒன்றாவது காட்ட வேண்டுமாம். வெப்சைட் முகவரியை விண்ணப்பத்தில் எழுதி அனுப்பியும் விட்டாள்.

“நீதான் எடுத்தேங்கறதுக்கு ஆதாரம்?” என்றார் சேஷன்.

“எனக்க கேமராவிலதான் எடுத்தேன், சாரே.”

“நெகட்டிவ் எங்கே?”

“இது டிஜிட்டலாக்கும். நெகட்டிவ் கிடையாது.”

சேஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை மூலைக்கு மூலை பரிசோதித்தார்.

“இதிலே நீ எங்கே இருக்கே?”

“எடுத்ததே நானாக்கும். பின்ன எப்படி சாரே நான் இதுல வருவேன்?”

“அப்போ சம்பவ இடத்திலே நீ இருந்ததுக்கு ரெக்கார்டு இல்லை. இதோ, குடையோட நிக்கறது யாரு?”

“சார்தான்.”

“முகம் தெளிவா தெரியறதோல்லியோ?”

சங்கக் கமிட்டி மூன்று மணி நேரம் ‘ஆழ்ந்து பரிசீலித்தது’. படத்தில் நேரில் ஆஜரானவர் என்ற முறையில் சேஷனே உரிமையாளர் என்று ஏகமனதாக முடிவாயிற்று. அவரும் தாமதிக்காமல் தமக்குத் தாமே அனுமதிக் கடிதம் எழுதி, தாமே பெற்றுக்கொண்டு, முத்திரை குத்தினார்.

“இது அநியாயமில்லியா, சாரே?” என்றாள் ஷீனா.

“அநியாயம்னா அப்ளிகேஷன் குடும்மா. பார்க்கலாம்.”

படம் ஏறியது. கீழே: ‘படம்: சேஷன். அனுமதியின்றி எடுப்பவர் திருடர்.’

கொச்சியிலிருந்து பதில் வந்தது. வெப்சைட்டைப் பார்த்தார்களாம், பிறர் எடுத்த படத்தைத் தன்னுடையது என்பவருக்கு அங்கே வேலை இல்லையாம். ஷீனா அதைக் கொண்டுவந்து காட்டியபோது சேஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டம் கொச்சிவரை எட்டிவிட்டதே!

அந்த வெப்சைட்டில் இன்றுவரை அனுமதிக் கடிதம் இல்லாத படம் ஒன்றுகூடக் கிடையாது. திருடிய படம் ஒன்றே ஒன்று உண்டு. அதற்கும் கடிதம் இருக்கிறது.