சங்கு ஊதியது நானல்ல, உங்கள் அக்கா மகள் பாட்டு

பள்ளிவாசல் மலை,
வெள்ளிக்கிழமை.

கொழிஞ்சாம்பாறையில் குடும்ப மாத இதழ் நடத்தும் மதிப்புக்கும் அதற்கு மேல் மரியாதைக்கும் உரிய ஆசிரியர் மாரீஸ்வரன் அவர்களுக்கு, உங்கள் ‘பிள்ளைகளுக்குப் புதுப்பாட்டு’ பக்கத்தை எழுதிவரும் மிக்கேல், தேயிலை ஃபேக்டரியிலிருந்து கைகட்டி எழுதுவது. இங்கு நானும் ரோசியும் எங்கள் ஆடும் சுகம். மூடுபனி மட்டும் கொஞ்சம் கூடுதல் சுகமாக இருக்கிறது. அங்கே நீங்களும் வீட்டாரும் அச்சு இயந்திரமும் நோய்நொடியில்லாமல் ஓட மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. எனக்கு நிற்க நேரமில்லை, மேனேஜர் மெமோ கொடுத்துவிட்டார்.

போன மாதம் அந்தப் புல்லாங்குழல் ஆல்பத்துக்கு, ‘பாடகியின் குரலில் தேன் சொட்டுகிறது’ என்று நான் எழுதியதையும், அதில் பாடகியே கிடையாது என்று வாளையாரிலிருந்து ஒரு லாரிக்காரர் குடும்பத்தோடு கையெழுத்துப் போட்டுப் புகார் அனுப்பியதையும் நீங்கள் மறக்கவில்லை. செக்போஸ்ட் வரிசையில் நிற்கிறவருக்கு முழு ஆல்பமும் கேட்க நேரம் உண்டு. இங்கே மூடுபனி இறங்கினால் போனில் ரேஞ்ச் போய்விடும்; எனக்குக் கிடைத்த துண்டில் தேன் சொட்டத்தான் செய்தது. நீங்கள் அதை நம்பாமல், “இனிப் பிள்ளைங்களோட உக்காந்து கேட்டுப்போட்டு எழுதுங்க, இல்லீன்னா பக்கத்தை நிறுத்தீருவனுங்க” என்று சொல்லிவிட்டீர்கள். அந்தப் பக்கம் போனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு மிஞ்சுவது ஆட்டுக்காரன் என்ற பேர்தான். போதாததற்கு உங்கள் அக்கா மகள் நர்மதா பாடிய ரயில் பாட்டையும் அனுப்பி, “ஏனுங்க மிக்கேல், எங்கக்கா புள்ளைங்கிறதுக்காக நல்லா இருக்குதுன்னு எழுத வேண்டாமுங்க. நல்லா இல்லைன்னு மட்டும் எழுதீறாதீங்க” என்றீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கத்தான் இடம் இருந்தது.

சரி, உத்தரவு உத்தரவுதானே என்று புதன்கிழமை கிளம்பினேன். எங்கள் ஃபேக்டரியில் சங்கு ஊதும் பொறுப்பு என்னுடையது. சங்கு என்றால் சைரன். காலையில் வேலைக்கு, மத்தியானம் சோற்றுக்கு, சாயங்காலம் வீட்டுக்கு. காலைச் சங்கை ஊதிவிட்டு, மத்தியானச் சங்குக்குள் திரும்பிவிடலாம் என்று பெர்மிஷன் வாங்கி, மாதா கோயில் திருவிழா ஸ்பீக்கர் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன். பல் தேய்க்கும் பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் ஒழுங்காகக் கொப்பளித்தார்கள். தண்ணீர் எட்டாததால் கஞ்சியில். தாலாட்டுக்கு நான் தூங்கிவிட்டேன். பிள்ளைகள் தூங்கவில்லை என்பது, விழித்தபோது என் செருப்புக்குள் இருந்த உப்புமாவைப் பார்த்துத் தெரிந்தது. ஷிஜி டீச்சர் மலையாளத்தில், “நல்ல பாட்டாணு சேட்டா, இனியும் கொண்டு வரணும்” என்றார். நான் அடங்கிக் கிடந்ததைப் பாராட்டினாரா, பாட்டையா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது நர்மதாவின் ரயில். பிள்ளைகளின் காது பத்திரம் என்று பெட்டியை ஜன்னலுக்கு வெளியே, மலையைப் பார்த்துத் திருப்பிவைத்தேன். நல்லெண்ணம்தான், வேறொன்றும் இல்லை. பாட்டின் ஆரம்பமே ‘கூ’. அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து அத்தனை மூச்சு வந்ததோ, கூ போகிறது, போகிறது, எதிர்மலையில் முட்டித் திரும்பி வருகிறது, இன்னும் இங்கே முடியவில்லை. ‘வண்டி வருது வழி விடு, வடையைத் தின்னா எனக்கும் கொடு’ என்று வரி தொடங்குவதற்குள், மூடுபனியைக் கிழித்துக்கொண்டு கொழுந்துச் சாக்கும் தலையுமாகப் பெண்கள் இறங்கி வருகிறார்கள். ரயில் ஏறாத மலை, ஆசிரியர் அவர்களே! எங்களுக்குக் கூ என்றால் சங்கு, சங்கு என்றால் சோறு. கையில் போன் இருந்தாலும் வயிற்றுக்குச் சங்குதான் கடிகாரம். முன்னால் வந்த மூக்கம்மாள் தூக்குச்சட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்னண்ணே இன்னைக்கு இம்புட்டு வெள்ளன ஊதிட்டிய, சோத்துச் சூடே ஆறல!” என்றாள். பின்னாலேயே என் ரோசி. “இந்த மனுசனைக் கட்டி நான் பட்டதை எஸ்டேட்டும் கொஞ்சம் படட்டும்” என்று சொல்லி அவளும் உட்கார்ந்து பிசைந்தாள்.

விழுந்தடித்து ஓடிப்போய், உரிய நேரத்தில் உண்மைச் சங்கை ஊதினேன். மறுபடியும் எல்லோரும் இறங்கி வந்தார்கள். “இப்பத்தானே தின்னிய?” என்றால், மூக்கம்மாள், “அது உங்க பாட்டுக்குத் தின்னதுண்ணே. இது கம்பெனிச் சோறு” என்கிறாள். அங்கன்வாடியிலிருந்து பிள்ளைகள் ஒரே குரலில், ‘வடையைத் தின்னா எனக்கும் கொடு!’ மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கி, “மிக்கேலே, ஆரா சைரன் அடிச்சது?” என்றார். “பாட்டு சார்.” “ஏது பாட்டு?” “குட்டிகளுடெ பாட்டு சார்.” அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் சர்வீஸ் பூராவும் ஒருமுறை ஓடி மறைந்தது. திங்கட்கிழமைக்குள் விளக்கம் எழுதிக் கொடுக்காவிட்டால் சங்கும் போச்சு, வேலையும் போச்சு.

ஆகவே அக்கா மகளானாலும் உண்மையை எழுதுகிறேன். இந்த ரயில் பாட்டுக்கு ஒரு நட்சத்திரமும் கிடையாது. இது பாட்டே அல்ல, தொழிற்சாலைச் சாமான். குடும்பங்கள் இதைக் கேட்கக் கூடாது. என் பக்கத்தையும் நானே ராஜினாமா செய்கிறேன். எழுதாமலே இருந்தால் லாரிக்காரருக்கும் நிம்மதி.

நர்மதாவுக்கு நீண்ட ஆயுளும் குறைந்த மூச்சும் கிடைக்க என் ஆசீர்வாதம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

என்றும் பணிவுள்ள,
மிக்கேல்

பி.கு. (செவ்வாய்க்கிழமை): கடிதத்தை ஒட்டுவதற்குள் ஃபேக்டரி சைரனின் மோட்டார் எரிந்துவிட்டது. சரிசெய்ய ஆள் அடிவாரத்திலிருந்து வர வேண்டும். மேனேஜரே வந்து குரலைத் தாழ்த்தி, “மிக்கேலே, ஆ பாட்டு கையிலுண்டோ?” என்றார். மெமோவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இப்போது நர்மதாதான் ஃபேக்டரிக் கூரையிலிருந்து எல்லோரையும் வேலைக்கும் சோற்றுக்கும் வீட்டுக்கும் அனுப்புகிறாள். கூ வரைக்கும் போட்டால் போதும் என்பது மேனேஜர் உத்தரவு. வடை வரி வராமல் இறங்க மாட்டோம் என்பது மூக்கம்மாள் உத்தரவு. நேற்று மேனேஜரே வடை வாங்கிவர ஆளனுப்பினார். அதனால் மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டு, ஐந்து நட்சத்திரம் போடுங்கள். ராஜினாமா மூடுபனியில் எழுதியது, செல்லாது. கேட்காமல் எழுதினான் என்று லாரிக்காரர் மறுபடி புகார் அனுப்பினால், இந்தமுறை மிக்கேல் மட்டுமல்ல, மலையே கேட்டது என்று பதில் போடுங்கள்.