மூன்றாவது ‘வேண்டாம்’

“இதோ பாருங்க, மஞ்சள் முக்கோணம். எல்லாத்துக்கும் இதுதான் காரணம்” என்று லேப்டாப் திரையை விரலால் தட்டினாள் டாக்னி.

ஹார்லன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “அடடே” என்றார்.

அமெரிக்காவின் வட மினசோட்டாவில் வீடு தீப்பிடித்தாலும் அடடேதான்.

சர்ச்சின் அடித்தளத்தில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கூடத்தில் மடக்கு மேசைகளை விரித்துப் போடும் சத்தம் கேட்டது. ஏரியில் பனிக்கட்டி உடைந்ததும் ஊர் கூடி விருந்து சாப்பிடும். சாப்பாடு முடிந்ததும் ஹார்லன் தான் பிடித்த மீன்களைத் திரையில் படமாகக் காட்டுவார். ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகச் செருகித் தள்ளிய காலத்திலிருந்து இது நடக்கிறது. மீன், மீனோடு ஹார்லன், ஹார்லனோடு வேறொரு மீன் என்று அது பாட்டுக்குப் போகும்.

இப்போது எல்லாம் லேப்டாப்பில். ஃபார்கோவிலிருந்து மருமகன் வாங்கி அனுப்பியது. உள்ளே இரண்டு டிரைவ்கள். சின்னதில் கம்ப்யூட்டரின் மூளை, பெரியதில் ஹார்லனின் மீன்கள். இன்று மதியம் ப்ரொஜெக்டரோடு இணைத்துப் பார்த்தால், மூளை இருக்கிறது, மீன்களைக் காணோம். பெரிய டிரைவ் அடியோடு மாயமாகியிருந்தது.

“காணோம் போலிருக்கே” என்றார் ஹார்லன். “சரி விடு, டாக்னி. இந்த வருஷம் வேண்டாம்.”

“அப்படியெல்லாம் விட முடியுமா!” என்று டாக்னி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவளால் விட முடியாததற்குக் காரணம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஹார்லனின் மனைவி ஆர்டிஸ் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து மனிதர் வாசலில் இருக்கிற தபால் பெட்டி வரைக்கும் வருவார், திரும்பிவிடுவார். இந்தப் படக்காட்சியாவது அவரை நாலு பேர் முகத்தில் விழிக்க வைக்கும் என்று விருந்துக் குழுவில் மேசையைத் தட்டிப் பேசியவள் டாக்னி. மேசையைத் தட்டினாள் என்பதுகூட மிகைதான். தொண்டையைக் கனைத்தாள். அந்த ஊரில் இரண்டும் ஒன்று. இப்போது படம் வராவிட்டால் அவர் உடைந்துபோய்விடுவார், மறுபடி வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார் என்று பயந்தாள்.

அவரைச் சம்மதிக்க வைத்ததே அவள்தான். போன மாதம் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, “வேண்டாமே, டாக்னி” என்றார். அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. யாருமே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காபி வேண்டுமா என்று கேட்டால் அந்த ஊரில் வேண்டாம் என்பார்கள். இன்னொரு தடவை கேட்டாலும் வேண்டாம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால், “சரி, அரைக் கப்” என்பார்கள். முதல் தடவையே சரி என்பவன் காபிக்கு அலைகிறவன். மூன்றாவது தடவை கேட்காதவள் கல்நெஞ்சக்காரி. டாக்னி முறைப்படி மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை ஹார்லன் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டே, “உனக்கு எதுக்கும்மா சிரமம்” என்றார். அந்த ஊரில் அது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதற்குச் சமம்.

டாக்னி பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு தடவை பாஸ்டரின் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுத்ததிலிருந்து, ஊரில் எது கெட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

“டிரைவர்தான் கெட்டிருக்கு” என்றாள். “டிரைவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல பேசி முடிக்கிற தரகர் மாதிரி அது. தரகர் படுத்துட்டா, ரெண்டு வீட்டுக்காரங்களுக்கும் பேச்சுவார்த்தை நின்னுடும். புதுசா ஒரு டிரைவரைப் போட்டா சரியாயிடும்.”

“எதுக்கு வம்பு?” என்றார் ஹார்லன், சட்டைப் பையைத் தடவிக்கொண்டே.

புது டிரைவரைப் போட்டாள். லேப்டாப் அணைந்து எழுந்தது. எழுந்ததும் திரை முழுக்க நீலம், நடுவில் அழுமூஞ்சிப் பொம்மை. தொடங்கவேண்டிய டிரைவையே அணுக முடியவில்லை என்று கீழே எழுதியிருந்தது. முன்பு பெரிய டிரைவ் மட்டும்தான் தெரியவில்லை. இப்போது சின்னதும் தெரியவில்லை.

சமையலறைத் தலைவி வெர்னா காபிக் கூஜாவோடு எட்டிப் பார்த்தாள். எந்த விருந்தானாலும் ஆர்டிஸும் அவளும்தான் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவுவார்கள். இப்போது தனியாகக் கழுவுகிறாள்.

“காபி குடிக்கிறியா டாக்னி?”

“வேண்டாம் வெர்னா.”

“சூடா இருக்கு.”

“வேண்டாம், வேண்டாம்.”

“கொஞ்சூண்டு?”

“சரி, அரைக் கப் குடுங்க.”

வெர்னா கப் நிறைய ஊற்றினாள். நீலத் திரையைப் பார்த்தாள். “கலர் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்னி தன் ஃபோனை எடுத்து, இதே அழுமூஞ்சியைப் பார்த்து அழுதவர்கள் கூடிப் பேசும் பக்கத்தைத் திறந்தாள். உலகம் முழுக்கச் சக துக்கக்காரர்கள். முதல் ஆசாமி, ‘எதையும் நோண்டுவதற்கு முன்னால், டிரைவ் உள்ளே ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள்’ என்று எழுதியிருந்தான்.

“இப்படி ஒருத்தன் எல்லா இடத்துலயும் இருப்பான்” என்றாள் டாக்னி. “டிவி வரலைன்னா ப்ளக் செருகியிருக்கான்னு கேக்குற ரகம்.”

ஹார்லன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு தன் கப்பில் மிச்சமிருந்த காபியைக் குடித்தார்.

இரண்டாம் ஆசாமி பெரிய படிப்பாளி. கம்ப்யூட்டர் எழுவதற்கு முன்பே உள்ளே நுழைந்து, டிரைவ்கள் பேசிக்கொள்ளும் முறையையே மாற்றவேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். டாக்னிக்கு அதுதான் பிடித்தது. உள்ளே நுழைந்தாள், மாற்றினாள். அழுமூஞ்சி போய்விட்டது. நீலமும் போய்விட்டது. கரிய திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக் என்று கண் சிமிட்டியது.

பழையபடி மாற்றிவிடலாம் என்று திரும்பப் போனாள். முன்பு எந்த முறை இருந்தது என்பது மறந்துபோயிருந்தது. இருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். கோடு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“போதும், டாக்னி” என்றார் ஹார்லன். “நிஜமாத்தான் சொல்றேன். படம் இல்லாட்டி என்ன, சாப்பாடு இருக்கே. விட்டுடு.”

அவர் குரல் லேசாக நடுங்கியது. அதைக் கேட்டதும் டாக்னிக்கு மனசு இளகிவிட்டது. பாவம், எவ்வளவு ஆசை வைத்திருக்கிறார், தனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று எப்படி மறைக்கிறார் என்று நினைத்தாள்.

“நீங்க கவலையே படாதீங்க” என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். “உங்க மீனைப் பாக்காம இன்னிக்கு யாரும் வீட்டுக்குப் போகப் போறதில்லை.”

ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வைத்தியத்துக்கு ஒரு பென் டிரைவ் வேண்டியிருந்தது. டாக்னி மேலே சர்ச்சுக்கு ஓடிப்போய், பிரசங்க மேடையில் கிடந்த ஒன்றை எடுத்து வந்தாள். ‘இதில் உள்ள அனைத்தும் அழியும், சம்மதமா?’ என்று அவள் கொண்டுவந்திருந்த பள்ளிக்கூடத்து லேப்டாப் கேட்டது. சம்மதம் என்றாள். பாதி அழிந்த பிறகுதான், பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை எதில் வைத்திருப்பார் என்ற சந்தேகம் வந்தது.

“ஐயையோ, பாஸ்டரோட பிரசங்கம்!”

வெர்னா சமையலறை ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள். “அழிஞ்சிடுச்சா? போன வாரத்து பிரசங்கம் வித்தியாசமா இருந்துச்சு” என்றாள்.

வித்தியாசம் என்பதைவிடக் கடுமையான வார்த்தை வெர்னாவின் வாயிலிருந்து வந்ததில்லை. டாக்னிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பென் டிரைவிலிருந்து லேப்டாப் ஒருவழியாக எழுந்தது. எழுந்ததும், டிரைவ் ஒன்றுமே தெரியவில்லை, டிரைவரைக் கொடு என்று பிடிவாதம் பிடித்தது. கொடுத்தாள். சின்ன டிரைவ் மட்டும் தலையைக் காட்டியது. அதைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போடட்டுமா என்று கேட்டது.

“சின்ன டிரைவுல முக்கியமா ஏதாவது இருக்கா?”

“சீட்டு விளையாட்டு இருக்கு. ஆஸ்பத்திரியில அவ பக்கத்துல உக்காந்திருந்தப்ப ஆடினது. நிறைய ஜெயிச்சிருக்கேன்” என்றார் ஹார்லன். “பரவாயில்லை. ஆனா இதெல்லாம் வேண்டாமே.”

டாக்னி பொத்தானை அமுக்கினாள்.

துடைப்பதற்கு நேரம் பிடித்தது. அதற்குள் வெளியே விருந்து நடந்து முடிந்தது. இறைச்சிமேல் உருளைக்கிழங்கு போர்த்திச் சுட்ட ஹாட்டிஷின் வாசனை வந்தது, போயிற்று. வெர்னா இரண்டு தட்டில் கொண்டுவந்து வைத்தாள், இருவரும் தொடவில்லை.

“எலுமிச்சை இனிப்பெல்லாம் தின்னு முடிச்சாச்சு” என்று செய்தி சொன்னாள். “நாற்காலியை எல்லாம் திரைப் பக்கம் திருப்பிப் போட்டாச்சு. பின்வரிசை நிறைஞ்சிடுச்சு. முன்வரிசைதான்...” சொல்லவந்ததை நிறுத்தி, கூஜாவை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

சர்ச்சில் எல்லாரும் பின்வரிசைக்குத்தான் போட்டி போடுவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தது ஆர்டிஸ் ஒருத்திதான்.

லேப்டாப் பிறந்த குழந்தை போல வெள்ளையாக எழுந்தது. சீட்டு விளையாட்டு இல்லை. அழுமூஞ்சி இல்லை. மஞ்சள் முக்கோணம் மட்டும் அதே இடத்தில் அப்படியே இருந்தது. பெரிய டிரைவ் வரவில்லை.

டாக்னிக்கு அழுகை முட்டியது. மதியத்திலிருந்து அவள் செய்ததெல்லாம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைக் கெடுத்தது, மனைவியை இழந்த மனிதரின் சீட்டாட்டத்தை அழித்தது, ஆண்டவரின் வார்த்தையைத் துடைத்தது, அவ்வளவுதான். படம் மட்டும் வந்தபாடில்லை.

“இன்னும் ஒண்ணுதான் பாக்கி” என்றாள். “வெர்னா, ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?”

“திறக்கவா போறே?” ஹார்லன் எழுந்தே விட்டார். “வேண்டாம் டாக்னி. தயவுபண்ணி வேண்டாம்.”

தயவுபண்ணி என்ற வார்த்தை அந்த ஊரில் சுலபத்தில் வெளியே வராது. ஆனால் டாக்னி அதற்குள் லேப்டாப்பைக் குப்புறப் போட்டிருந்தாள். வெர்னா நீட்டிய வெண்ணெய்க் கத்தியின் முனையால் திருகாணிகளைச் சுழற்றினாள். எல்லாம் சுலபமாகக் கழன்றன, இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டியதுபோல. மூடியைத் தூக்கினாள்.

சின்ன டிரைவ் தன் இடத்தில் சமர்த்தாக இருந்தது. பெரிய டிரைவ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

டாக்னி நிமிர்ந்து பார்த்தாள். ஹார்லன் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, மெதுவாகப் பிரித்தார். உள்ளே டிரைவ் இருந்தது.

“காலையிலேயே கழட்டிட்டேன்” என்றார்.

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னேனே. வேண்டாம் வேண்டாம்னு மதியத்துலேர்ந்து சொல்லிட்டுத்தானே இருக்கேன்.”

“அது... நீங்க மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நினைச்சேன்.”

“தெரியும்” என்றார் ஹார்லன். “அதான் கழட்டினேன். இந்த ஊருல நிஜமாவே வேண்டாம்னா அதை எப்படித்தான் சொல்றது?”

ஹார்லன் கைக்குட்டையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே பேசினார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“எனக்கு அங்க போய் நிக்கறதே பிடிக்காது. ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்காது. மைக்கைப் பிடிச்சா மீன் பேரே மறந்துபோயிடும். மீனைப் பிடிச்சோமா தின்னோமான்னு இருக்கணும், அதை ஊருக்கெல்லாம் படம் காட்டுவானேன்? ஆனா ஆர்டிஸ் அந்த முன்வரிசையில தனியா உக்காந்து, ஒரு படம் விடாம சிரிச்ச முகமா பாப்பா. அவளுக்கு அவ்வளவு இஷ்டம். அவளுக்காகத்தான் வருஷா வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காட்டினேன். இப்ப அந்த நாற்காலி காலி. இனிமே நான் யாருக்காகக் காட்டணும், சொல்லு.”

டாக்னிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அந்த மனிதரைப் பகல் முழுக்க வதைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. “மன்னிச்சுக்கங்க ஹார்லன்” என்றாள். “நான் போய் எல்லார்கிட்டயும் படம் கிடையாதுன்னு சொல்லிடறேன்.”

அவள் எழுந்தபோது, வாசலை அடைத்துக்கொண்டு வெர்னா நின்றிருந்தாள். காபிக் கூஜாவை மேசைமேல் வைத்தாள். ஊற்றவில்லை. ஏப்ரனில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள். ஹார்லனைப் பார்த்தாள், கைக்குட்டையைப் பார்த்தாள்.

“சொல்லலாமா கூடாதான்னு தெரியலை, ஹார்லன்” என்றாள். “ஆனா வருஷா வருஷம் பாத்திரம் கழுவும்போது ஆர்டிஸ் எங்கிட்ட சொல்லுவா: ‘இன்னிக்கும் அந்த மீனையெல்லாம் பாத்தாகணுமே வெர்னா, எப்படியாவது வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கறேன், ஆனா அந்த மனுஷனுக்கு அது அவ்வளவு இஷ்டம்’னு.”