என் இரண்டு வயதும் ஒரு முழங்காலும்

ஜோன்ஸ்போர்ட், மெயின்
மே 23

அன்புள்ள மெர்ல் அக்காவுக்குத் தங்கை வேர்னா எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. கல்யாணத்துக்கு முன்னால் தர்லோவிடம் நான் நாலு வயசு குறைத்துச் சொன்னதும், கணக்கு இடிக்கக் கூடாதென்று உன் வயசிலும் நாலைக் குறைத்ததும் உனக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷமாக ஒரு வம்பும் வரவில்லை. இந்தப் பிப்ரவரியில் எனக்கு அறுபத்தைந்து முடிந்தது. அவருக்கு நான் அறுபத்தொன்று. அரசாங்கத்தை அப்படி ஏமாற்ற முடியுமா? முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு மே முடிவதற்குள் பெயர் கொடு, தவறினால் ஜனவரி வரை காத்திரு என்கிறது. டாக்டரோ முழங்காலை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். போதாததற்கு, தினமும் ஏழெட்டுக் கம்பெனிக்காரர்கள் ‘அறுபத்தைந்துக்கு வாழ்த்துகள்’ என்று உறைமேலேயே கொட்டை எழுத்தில் போட்டு அனுப்ப, நான் நொண்டிக்கொண்டே ஓடி எடுத்து, துணி துவைக்கிற மிஷினுக்குள்ளே ஒளிச்சு வச்சேன். அன்னைக்குன்னு பார்த்து மனுஷன் தானே துவைக்கக் கிளம்பிட்டார். "வேர்னா, என் சட்டையெல்லாம் காகிதக் கூழா ஒட்டியிருக்கே"ன்னார். "இறால் வித்த சீட்டைப் பையிலிருந்து எடுக்காம போட்டிருப்பீங்க"ன்னேன். பாவம், மன்னிப்புக் கேட்டார் அக்கா. எனக்குச் சாப்பாடு இறங்கலை.

நேத்து பல் டாக்டர்கிட்டப் போறேன்னு சொல்லிட்டு அந்தக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். பேர் மாறியிருக்கிறதால கல்யாணப் பத்திரமும் கேட்டா அங்க இருந்த அம்மா. பிறந்த பத்திரத்தையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, கண்ணாடியை இறக்கிப் பார்த்தா.

"இதுல நாலு வயசு வித்தியாசத்துல ரெண்டு பேர் இருக்காங்களே. நீங்க யாரு?"

"பெரியவ"ன்னேன். முப்பத்தாறு வருஷத்துல அதை வாய்விட்டுச் சொன்னது அப்பத்தான். சொன்னதும் அழுகை வந்துடுச்சு.

காகிதக் கைக்குட்டையை என் பக்கம் தள்ளினா. "எங்களுக்குப் பிறந்த தேதி போதும்மா. கல்யாணத்துல என்ன சொன்னீங்கங்கிறது உங்க வீட்டு விஷயம்"னு முத்திரையைக் குத்தினா.

காப்பீட்டு அட்டை உன் முகவரிக்கு வரும். வந்தால் பத்திரமாக வை. தர்லோ கேட்டால் உனக்கு அறுபத்து நாலுதான், மறந்துவிடாதே. அத்தானுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

அன்புத் தங்கை,
வேர்னா

பி.கு: உறை ஒட்டுவதற்கு முன் இரவுச் சாப்பாட்டில் நடந்தது. மீன் சூப்பை ஊதிக்கொண்டே, "ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சா? உனக்குத்தான் அறுபத்தஞ்சு ஆச்சே, அரசாங்கமே பார்த்துக்குமே" என்றார்.

"யார் சொன்னது?"

"உங்க அக்காதான். நம்ம கல்யாண விருந்திலேயே சொல்லிட்டாங்க. நீ இருபத்தஞ்சுன்னு சொன்னப்போ உன் முகம் நல்லா இருந்துச்சு. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். ஆபரேஷன் ஜூலை எட்டாம் தேதி. பிறகு ஒரு மாதம் நடக்கக் கூடாதாம். கூட இருந்து பார்த்துக்கொள்ள நீதான் வருகிறாய். பேசிக்கொள்ளலாம்.