டின் மூடியில் ஒரு பச்சைப் புள்ளி

மலாக்காவில் இருக்கும் தங்கை கியோக் லானுக்கு, ஜூரோங்கிலிருந்து அக்கா பெக் சூ எழுதிக்கொண்டது. நானும் என் முழங்கால் வலியும் நலம். நீயும் உன் பூனைகளும் நலமென்று நம்புகிறேன்.

சீனப் புத்தாண்டுக்கு முன்னால் என் பேத்தி படிக்கிற பல்கலைக்கழக லேசர் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: என் பேத்தி ஹுய் சின், அவளோடு ஆராய்ச்சி செய்கிற ஃபர்ஹான், அவர்களுடைய பேராசிரியர் லிம், கொரியாவிலிருந்து வந்த பேராசிரியர் யுன், நான், என் குவே பலகார டின். வேறு யாரும் இல்லை. 'நானும் அங்கே இருந்தேன்' என்று வேறு யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே.

நான்கு வருஷமாக ஹுய் சின் பெரோவ்ஸ்கைட் என்றொரு படிகத்தோடு மாரடிக்கிறாள். குவே லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். டேப்பை ஒட்டி இழுத்தால் ஓர் அடுக்கு உரிந்து வரும், சின்ன வயதில் நாம் உரித்து உரித்துத் தின்றோமே, அப்படி. அந்த மெல்லிய ஏட்டில் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியைப் பாய்ச்சினால் பச்சையாக வெளியே வருமாம். "சாதாரணக் கண்ணாடில வெளிச்சத்த ரெண்டு மடங்கு போட்டா ரெண்டு மடங்குதான் வரும் பாட்டி. இதுல நாலு மடங்கு வரும்" என்றாள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "நம்ம கியோக் லான் வாய் மாதிரின்னு சொல்லு" என்றேன். அவள் மறுக்கவில்லை.

அந்தக் கொரியாக்காரர் பச்சையைத் தன் கண்ணால் பார்த்தால்தான் அவளைத் தன் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார், அன்றைக்கு மத்தியானமே அவருக்கு விமானம். படிகத்துக்கோ ஈரக்காற்று ஆகாது. இவர்களுடைய உலர்பெட்டி பழுதாகிவிட்டதால், கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டிய படிகத்தை ஒரு டப்பாவில் போட்டு, படிகம் உரித்த மிச்ச டேப்பையும் எடுத்து வந்து, முந்தின நாள் வீட்டில் காமிரா வைக்கிற உலர்பெட்டியில் வைத்திருந்தாள். என்னிடம் சொன்னாளா? சொல்லவில்லை. புத்தாண்டுக்கு ஐந்தே நாள், காலையிலிருந்து நின்றுகொண்டே சுட்ட இருநூறு மொறுமொறு குவே கப்பிட் நமத்துப் போகாமலிருக்க எனக்கும் அதே பெட்டிதான் வேண்டியிருந்தது. டப்பாவை ஜன்னலோரம் வைத்தேன், அன்றைக்குப் பார்த்துச் சாரல் அடித்தது. டேப்பில் மஞ்சளாக என்னவோ பட்டிருந்தது, ஆனாலும் பசை நன்றாக இருந்ததால் வீணாக்குவானேன் என்று டின் மூடியின் குறுக்கே இழுத்து ஒட்டி, டின்னை உலர்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். மறுநாள் காலை, டப்பாவை நான் அவளுக்காக எடுத்து வைத்ததாக நினைத்து நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

பத்தரைக்குப் போன் வந்தது.

"பாட்டி, படிகம் செத்துப்போச்சு. பச்சையே வரல. டப்பாவ எங்க வெச்சீங்க?"

"ஜன்னல்கிட்ட."

"டேப்பு?"

"டின்னு மேல."

"டேப்பத் தொடாதீங்க, அதுலயும் படிகம் ஒட்டியிருக்கு. உரிக்காதீங்க. அப்படியே கொண்டு வாங்க."

துண்டைப் போர்த்தி டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். நான் திருத்தவில்லை.

அங்கே போனால் ஃபர்ஹான் டேப்பை உரிக்க நகத்தை வைக்கிறான். "கிழிஞ்சா உன் மூஞ்சியக் காட்டுவியா அவருக்கு? டின்னோட வைப்பா" என்றேன். வைத்தான். கறுப்புக் கண்ணாடி ஒன்றை என் மூக்கில் மாட்டிவிட்டு விளக்கை அணைத்தார்கள். திரை இருட்டாகவே கிடந்தது. ஹுய் சின் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் வளைந்தது. ஃபர்ஹான் டின்னை மயிரிழை நகர்த்தினான். பச்சை. பட்டாணி அளவு, பாண்டான் இலைச் சாறு மாதிரி. ஒளியை இரட்டிப்பாக்கி அளந்தார்கள், நாலு மடங்கு வந்தது. இதைப் பக்குவமாக வைத்திருந்தது யார் என்று யுன் கேட்டார். பேராசிரியர் லிம் கூரையைப் பார்த்தார். ஹுய் சின், "எங்க பாட்டி" என்றாள். அவர் எழுந்து என் முன்னால் இடுப்பு வரை குனிந்தார்.

படிகத்தில் ஈயம் இருக்கிறதென்று இருநூறு குவேயையும் ஹுய் சின் குப்பையில் கொட்டினாள். அவளை மன்னித்துவிட்டேன். ஆகஸ்டில் கொரியா போகிறாள். அதோடு, கட்டுரையின் கடைசியில் எனக்குப் பெயர் சொல்லி நன்றி போடுகிறார்களாம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கிளினிக் சீட்டைத் தவிர என் பெயர் எதிலும் அச்சானதில்லை.

அந்தச் சந்தோஷத்தில் உன்னையும் மன்னிக்கிறேன். 1968, புத்தாண்டு மூன்றாம் நாள், மஞ்சள் கெபாயா உடுத்தியிருந்தாய். நான் சுட்ட அன்னாசிப் பலகாரத்தை நீ சுட்டதாகப் பெரிய அத்தையிடம் சொன்னாய். அத்தை உனக்குப் பணம் வைத்த சிவப்பு உறை கொடுத்தாள், எனக்குப் பாத்திரம் கழுவக் கொடுத்தாள். போகட்டும். அடுத்த வாரம் வந்து பத்து நாள் தங்கு.

நீ நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், உன் பூனைகளும்.

அக்கா,
தியோ பெக் சூ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஹுய் சின் கட்டுரையைக் கொண்டுவந்து கடைசி வரியைப் படித்துக் காட்டினாள். "மாதிரியைப் பாதுகாத்துத் தந்த திருமதி தியோ கியோக் லானுக்கு நன்றி." போன வருஷம் நீ டோடோல் இனிப்பு அனுப்பிய டின் அது, மூடியில் கொட்டை எழுத்தில் உன் பெயரை எழுதியிருந்தாய். அதைப் பார்த்து ஃபர்ஹான் எழுதிவிட்டான். இனி மாற்ற முடியாதாம். அழாத குறையாக வந்து நின்றான், மன்னித்தேன். ஹுய் சின்னையும் மன்னித்தேன். நீ வர வேண்டாம். முதல் தடவை ஒரு பங்கு கோபம் என்றால், இரண்டாம் தடவை சேரும்போது நாலு பங்கு, படிகத்திலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அந்த அறையில் இல்லாமலே பெயர் வாங்கிய ஒருத்தியை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை: தியோ கியோக் லான்.