பாறை உருட்டத் தடையில்லை

கலையை வளர்ப்பது என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டால் அதை யாராலும் தடுக்க முடியாது, கலைஞர்களால்கூட முடியாது. அந்த ஊரில் அரசு ஒலிப்பதிவுக் கூடம் அப்படித்தான் வந்தது. முதல் ஆல்பம் போடுகிற குழுவுக்கு அங்கே எல்லாம் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை. விண்ணப்பத்தில் பிறமொழிச் சொல் ஒன்றுகூடக் கலந்திருக்கக் கூடாது.

இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தவன் தொண்டை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அவன் பாடுவதைக் கேட்டவர்கள் வைத்த பெயர் இது. அவனிடம் ஒரு ராக் அண்ட் ரோல் குழு இருந்தது. அவன் பாடுவான், ஒருவன் கித்தார் வாசிப்பான், இன்னொருவன் டிரம்ஸ் அடிப்பான். மூவரும் ஊரார் மொட்டைமாடிகளில் பயிற்சி செய்து, ஒவ்வொரு மாடியிலிருந்தும் துரத்தப்பட்டு, நன்றாகப் பக்குவப்பட்டிருந்தார்கள்.

தொண்டைக்கு அவசரம் இருந்தது. அவன் மனைவியின் அண்ணன் கருங்கல் ஜல்லி வியாபாரி. "மாப்பிள்ளை, இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள உங்க பாட்டு வெளிய வரணும். வரலையா, மறு பேச்சு பேசாம நம்ம ஜல்லிக் கிடங்குக்கு வந்துடுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மனைவியோ எந்தப் பக்கம் என்று பிடி கொடுக்கவே இல்லை. அவளுக்காகவே தொண்டை ரகசியமாக ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் காற்றில் குடை கவிழ்ந்து இருவரும் தொப்பலாக நனைந்தபோது, அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாளே, அந்தச் சிரிப்பைப் பற்றிய பாட்டு. அதை அவள் ஆல்பத்தில்தான் முதன்முதலாகக் கேட்க வேண்டும். கேட்டதும் அண்ணனைக் கூப்பிட்டு, 'என் வீட்டுக்காரர் ஜல்லி அள்ள வரமாட்டார்' என்று சொல்ல வேண்டும். பாவம், மனுஷனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது.

மூவரும் விண்ணப்பத்துக்குத் தமிழ்ச் சொல் உண்டாக்கித் தரும் சொல்லாக்க அலுவலர் முன்னால் போய் நின்றார்கள். அவர் நாற்காலிக்கே புதுப் பெயர் கண்டுபிடித்தவர். நாற்காலி என்பதே நல்ல சொல்தானே என்று யாரோ கேட்டுவிட்டதில் அவருக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

"ராக்னா என்ன?"

"அது ஒரு வகை இசை சார்," என்றான் தொண்டை.

"இசைன்னா எல்லாமும்தான் இசை. ராக்னா என்ன, அதைச் சொல்லுங்க."

"அகராதியில பார்த்தா பாறைன்னு போட்டிருக்கும் சார்," என்றான் கித்தார்க்காரன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி.

"ரோல்?"

"உருட்டுறது சார்."

அலுவலர் முகம் மலர்ந்தது. 'பாறை உருட்டும் குழு' என்று எழுதி, காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, அவரே சொக்கிப்போனார். 'மேற்படி குழு தனது முதல் தொகுப்பின் பொருட்டுப் பாறை உருட்டத் தடையில்லை' என்று ஆணை தயாராகி முத்திரையும் விழுந்தது. மூவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். ஒரு சொல்தானே, அது என்ன செய்துவிடப் போகிறது என்ற நினைப்பு!

ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்காணிப்பாளர் ஆணையை எழுத்து விடாமல் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்."

"பாறை?"

தொண்டை திருதிருவென்று விழித்தான். "சார், அது வெறும் பேரு சார்."

"பேரு மட்டும் இருந்து பொருள் இல்லைன்னா அதுக்கு மோசடின்னு பேரு. நாளைக்குத் தணிக்கைக்கு வர்றவன், எங்கய்யா பாறை உருண்டதுன்னு கேட்டா, என் தலையையா உருட்டிக் காட்டுவேன்?"

"அப்போ பேரை மாத்திடுங்க சார்."

"மாத்தறதாவது! அந்தச் சொல்லுக்காகத்தான் சொல்லாக்க அலுவலருக்குப் பதவி உயர்வே வந்திருக்கு. சொல்லை வாபஸ் வாங்கினா பதவியையும் வாங்கணும். ஒரு குடும்பஸ்தன் வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?"

யார் வயிற்றிலும் அடிக்கும் எண்ணம் தொண்டைக்கு இல்லை. நேராக மச்சானிடம் போனான். மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை, கடைசியில கல்லுகிட்டதான் வந்து நின்னீங்க!"

கிடங்கையே புரட்டி, நல்ல உருண்டையான பாறையாகத் தேடிக் கழுவித் துடைத்து லாரியில் ஏற்றிவிட்டார். கூடத்துக்குள் பலகையால் ஒரு சரிவு கட்டி அதில் பாறையை உருட்டினார்கள். தடதடவென்று கட்டடமே ஆடியது. கித்தார் சுத்தமாகக் கேட்கவில்லை. டிரம்ஸ் கேட்டது, ஆனால் அதையும் பாறையின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். தொண்டை கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான்.

ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றினார். "சார், இந்த ஆள் போடுற சத்தத்துல பாறை சரியாப் பதிவாகல."

கண்காணிப்பாளர் ஆணையை மறுபடி படித்தார். "பாடல்ங்கிற சொல்லே இதுல இல்லையேப்பா. நீ ஏன் பாடறே?"

தொண்டை கையெடுத்துக் கும்பிட்டான். "சார், ஒரே ஒரு பாட்டு சார். என் சம்சாரத்துக்காக எழுதினது. கடைசியிலயாவது வச்சிடுங்க."

கண்காணிப்பாளரும் சம்சாரிதான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "விதியில ஒரு வழி இருக்கு. தவிர்க்க இயலாத வெளிச் சத்தம் சிறிதளவு பதிவாகலாம்னு போட்டிருக்கு. ஆனா ஒண்ணு, வெளிச் சத்தம்னா வெளியிலேருந்துதான் வரணும்."

ஆகவே தொண்டையை வராந்தாவில் நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே பாறை மெதுவாக உருள, வெளியே மூடிய கதவைப் பார்த்து, துடைப்பமும் வாளியும் துணையிருக்க, தன் மனைவியின் சிரிப்பை அவன் உருகி உருகிப் பாடினான்.

ஆல்பம் வெளிவந்த அன்று மூவரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான் என்று நினைத்திருந்தார்கள். நடந்ததே வேறு. 'உருள்வது பாறையல்ல, நாம்' என்று ஒரு விமர்சகர் எழுதினார். அதைப் படித்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆகவே எல்லாரும் வாங்கினார்கள். இளவட்டங்கள் சட்டைப்பையில் கூழாங்கல் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். கல் கனத்தில் பை கிழிந்தது. கிழிந்த பைதான் அழகு என்றாகி, தையல்காரர்கள் கிழித்தே தைத்துக் கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள், உங்கள் சட்டைப்பையையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள். மச்சான் கிடங்குப் பலகையை மாற்றி 'இசைக்கருவிகள் மொத்த விற்பனை' என்று எழுதி வைத்தார்.

மேடை மேடையாக அழைப்பு வந்தது. மேடையில் தொண்டைக்குப் பாறையைத் தள்ளுகிற வேலை. பாட்டு வெளியே வந்துவிட்டது என்று மச்சான் ஒப்புக்கொண்டார். ஆனால் பாறை அவருடையது என்பதால் மாப்பிள்ளை தினமும் காலையில் கிடங்குக்கு வந்து தள்ளிப் பழகிக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். அவனும் போய் வந்தான். போகட்டும், கடைசிப் பாட்டு ஒன்று இருக்கிறதே, அதை அவள் கேட்டால் போதும்.

ஒருநாள் வீடு திரும்பியபோது ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டியபடி உட்கார்ந்திருந்தாள். தொண்டை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான். பாறை உருண்டு உருண்டு ஓய்ந்தது. பிறகு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அந்தக் குரல் எழுந்தது. அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் பாறையைவிடப் பெரிதாக இருந்தது.

மனைவி முகத்தைச் சுளித்து எழுந்து பட்டென்று நிறுத்தினாள். அப்போதுதான் அவனைப் பார்த்தாள்.

"என்னங்க, எப்போ வந்தீங்க? பாறை என்னமா உருளுது! கேட்டா மனசே லேசாயிடுது. ஆனா கடைசியில எவனோ ஒருத்தன் வந்து குடை, குடைன்னு கத்தி மொத்தத்தையும் கெடுத்துடறான். கடையில நிறையப் பேர் புகார் சொன்னாங்களாம், நானும் சொல்லிட்டுத்தான் வந்தேன். அடுத்த பதிப்புல தூக்கிடறாங்களாம். நீங்க கவனிச்சீங்களா?"

தொண்டை கிழிந்த சட்டைப்பையில் கைவிட்டுக் கூழாங்கல்லைச் சரிசெய்துகொண்டான்.

"கவனிச்சேன், கவனிச்சேன்," என்றான். "முதல்ல புகார் கொடுத்ததே நான்தான்."